வளைகாப்புக்குப் பயந்து கப்பலேறினேன்

"பிள்ளைங்களோட போற கப்பல் வேணுமா மேடம், பெரியவங்க மட்டும் போற கப்பல் வேணுமா?" என்று ஓசூர் பாகலூர் ரோட்டு டிராவல்ஸ் கடைப் பெண் கேட்டபோது, என் காது சரியாக இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிள்ளைகளே இல்லாத கப்பலா? பதினெட்டு வயதுக்குக் கீழே ஒரு பொடிசைக்கூட ஏற்ற மாட்டார்களாம். அழுகை கிடையாது, ஓட்டம் கிடையாது, ஐஸ்கிரீம் சண்டை கிடையாது. "அதுவே போடும்மா" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார். "பெரியவங்க மட்டும்னா ஏதாவது ஏடாகூடமா இருக்கப் போவுது மல்லிகா. ஏ சர்டிபிகேட் படம் மாதிரி."

"அய்ய, அப்படியெல்லாம் இல்ல அங்கிள். அமைதியா இருக்கும், அவ்ளோதான்" என்று அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். அப்படியும் இவர் நம்பவில்லை. நான் பாஸ்போர்ட் நகல் எடுக்க வெளியே போன நேரத்தில், "கப்பல்ல டிவியில என்னா படம் போடுவாங்க?" என்று அவளிடம் விசாரித்திருக்கிறார். மனுஷனுக்கு ஐம்பத்து மூன்று வயது.

எனக்கு நாற்பத்தொன்பது. சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்ஷனில் இருக்கிறேன். இவர், பெயர் தேவராஜ், இன்னொரு கம்பெனியில் மெயின்டனன்ஸ். கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷம். பிள்ளை இல்லை. இதை எழுதுவது சுலபமாக இருக்கிறது, வாயால் சொல்வதுதான் கஷ்டம். கம்பெனி பஸ்ஸில் புதிதாக ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், இரண்டு நிறுத்தம் போவதற்குள் "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க அக்கா?" வந்துவிடும். இல்லை என்றால் ஏன் என்று கேட்பாள். அதற்கும் பதில் சொன்னால் ஒரு டாக்டர் பெயர் சொல்வாள், டாக்டருக்கு அப்புறம் ஒரு கோயில் பெயர் சொல்வாள். இந்த வயதிலும் எனக்குக் கோயில் பெயர் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அமைதி வேண்டும் என்றா இத்தனை தூரம் கிளம்பினேன்? இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வளைகாப்பிலிருந்து தப்பிக்கத்தான் கிளம்பினேன்.

ஊத்தங்கரையில் என் அண்ணன் வீடு. அண்ணன் மகள் பிரியா பாலிடெக்னிக் மூன்று வருஷம், அதற்கு மேல் இன்ஜினியரிங் மூன்று வருஷம் என்று ஆறு வருஷம் ஓசூரில் எங்கள் வீட்டிலிருந்துதான் படித்தாள். அவளுக்கு இப்போது ஏழாம் மாதம். வளைகாப்பு என்றால் எனக்குப் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு காட்சிதான் முன்னால் வந்து நிற்கும். இவருடைய தம்பி மனைவிக்கு வளைகாப்பு. தட்டிலிருந்து வளையலை எடுத்துக்கொண்டு நான் குனிந்தேன். பின்னாலிருந்து ஒரு பொம்பளை, "நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா, பெத்தவங்க போடட்டும்" என்றாள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வளையலைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் பந்திக்கு இலை போடப் போய்விட்டேன். அன்றோடு வளைகாப்பு வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை.

பிரியாவுடையதற்கு அண்ணி போன் பண்ணினாள். "ஞாயித்துக்கிழமை வச்சிருக்கு மல்லிகா. உனக்கு எப்படி சவுரியப்படுதோ பாத்துக்க." வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அந்த "பாத்துக்க" என்னும் வார்த்தை என்னைச் சுருக்கென்று குத்திவிட்டது. லீவு இல்லை என்றால் அண்ணன் கம்பெனி கேட்டுக்கே வந்து நிற்பான். உடம்புக்கு முடியவில்லை என்றால் வீட்டுக்கே காரோடு வருவான். நடுக்கடலுக்கு வர மாட்டான் அல்லவா? கம்பெனியில் பரிசாகக் கொடுத்த டூர், தேதியை மாற்ற முடியாது என்று அவனிடம் புளுகினேன்.

அதன் பிறகு பிரியா எட்டு தடவை கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை. அவளும் அவள் அம்மாவைப் போல ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? ஊரில் யார் சொன்னாலும் கோபம் வரும், அதோடு போய்விடும். அந்தப் பெண் வாயிலிருந்து வந்தால் என்னால் தாங்க முடியாது. அதுதான் பயம்.

வியாழக்கிழமை பெங்களூர் ஏர்போர்ட்டுக்குக் காரில் ஏறி அத்திப்பள்ளி டோல்கேட்டைத் தாண்டுவதற்குள் டிரைவர் கன்னடத்தில் ஆரம்பித்துவிட்டார். "வெளிநாட்டுக்கா அம்மா? மகன் கிட்டயா, மகள் கிட்டயா? எத்தனை பிள்ளைங்க?" இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ரெண்டு பேரும் சும்மா சுத்திப் பாக்கப் போறோம்ப்பா" என்றேன். டிரைவர் கண்ணாடியில் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

வெள்ளிக்கிழமை சிங்கப்பூரில் கப்பல் ஏறுகிற இடத்திலேயே முதல் சண்டை. என் பையிலிருந்த எலக்ட்ரிக் கெட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார்கள். தீப்பிடிக்கும், கப்பலுக்குள் விட மாட்டோம், திரும்பும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு சீட்டு கட்டினார்கள். கேழ்வரகு மாவு இரண்டு கிலோ கொண்டுபோயிருந்தேன். இவருக்குத் தினம் ஒரு வேளையாவது களி தின்றாக வேண்டும். கெட்டில் இல்லாமல் அந்த மாவை என்ன செய்வது? முகத்துக்குப் பூசிக்கொள்ளவா? "விடு மல்லிகா, ஒரு நாலு நாளு களி இல்லன்னா செத்தா போயிடுவன்" என்றார். ஓசூரில் ஒரு நாள் களி கிண்டாவிட்டால் அவர் பேசுகிற பேச்சு எனக்குத்தான் தெரியும்.

கப்பல் என்றால் நான் படகைக் கொஞ்சம் பெரிதாக நினைத்து வைத்திருந்தேன். அது நிற்கிற நிலையைப் பார்த்தால் எங்கள் கம்பெனியின் மூன்று பிளான்ட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கின மாதிரி இருந்தது. உள்ளே நுழைந்தால் கார்டு தேய்க்க வேண்டும், வெளியே போனால் கார்டு தேய்க்க வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் எல்லோரையும் ஓரிடத்தில் நிறுத்தி லைஃப் ஜாக்கெட் பாடம் எடுத்தார்கள். அசல் எங்கள் ஃபயர் டிரில்தான். ஒரே வித்தியாசம், இங்கே யாரும் அந்தச் சாக்கில் கேன்டீனுக்கு நழுவவில்லை.

அறைக்குள் போனதும் இவர் செய்த முதல் காரியம், சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நின்றதுதான். என்னவோ ஏதோ என்று பதறிப்போனேன். "அதிர்வே இல்ல. பேரிங்கெல்லாம் சுத்தமா வச்சிருக்கான்" என்றார். கடல் பார்க்க வந்த மனுஷன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைத் தடவுகிறார். நான் பால்கனிக் கதவைத் திறந்தேன். காற்று வந்து அடித்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு குழந்தைக் குரல் இல்லை. அப்பாடா என்று சொல்லிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தேன். அந்த நிம்மதி சாப்பாட்டு நேரம் வரைக்கும் நீடித்தது.

சாப்பாட்டு மேஜையில் எங்களோடு மைசூர்க்காரத் தம்பதி ஒன்றைப் போட்டிருந்தார்கள். அந்தம்மா பெயர் சுசீலம்மா, என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வாய் மூடாது. அவர் வீட்டுக்காரர் பேங்க்கில் இருந்து ரிட்டயர்ட் ஆனவர், வாயே திறக்காது. நாங்கள் கன்னடம் பேசுவோம் என்று தெரிந்ததும் சுசீலம்மாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு போனை எடுத்தார். பேரன் குளிக்கிறது, பேரன் தவழ்கிறது, பேத்தி பல்லில்லாமல் சிரிக்கிறது. சுற்றிலும் பார்த்தேன். எந்த மேஜையிலும் இதே கதைதான். வெள்ளைக்காரர்கள், சீனர்கள், வடக்கத்திக்காரர்கள், எல்லோர் கையிலும் போன், எல்லாப் போனிலும் குழந்தை. பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள் வேறு எதைப் பேசுவார்கள்? இது எனக்கு ஏன் முன்னாலேயே உறைக்கவில்லை என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

"உங்களுக்கு எத்தனை?" என்றார் சுசீலம்மா.

எனக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை. "ஒரே பொண்ணு. ஏழு மாசமா இருக்கா" என்றேன்.

இவர் கையிலிருந்த ஸ்பூன் தட்டில் விழுந்தது. சுசீலம்மா பூரித்துப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடேயப்பா, பாட்டியாகப் போறீங்க! சீமந்தம் எப்போ?"

நான் வாயைத் திறப்பதற்குள், பொய்யே வராத என் வீட்டுக்காரர், "ஞாயித்துக்கிழமை" என்று சொல்லிவிட்டார்.

சுசீலம்மா போனைக் கவிழ்த்து வைத்தார். "எந்த ஞாயிற்றுக்கிழமை? நாளை மறுநாளா? பெண்ணுக்குச் சீமந்தம், பெற்ற தாய் கப்பலிலா?" நான் மாப்பிள்ளை வீடு என்றேன், தேதி குழப்பம் என்றேன், டிக்கெட் என்றேன். எதுவும் ஒட்டவில்லை. அந்தம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே வகைப் பார்வை. பிள்ளை இல்லை என்றாலும் அந்தப் பார்வைதான், இருக்கிறது என்றாலும் அந்தப் பார்வைதானா? சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. இறங்காததற்குச் சாம்பாரும் ஒரு காரணம். அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகத்துக்குள் போனால் சாம்பார் இனிக்கும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கடல் தாண்டியும் இனிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சுசீலம்மா அதை இரண்டு கிண்ணம் குடித்தார்.

அறைக்குத் திரும்பியதும் இவரைப் பிடித்துக்கொண்டேன். "உங்கள யாரு தேதிய சொல்லச் சொன்னது?"

"அவளத்தான பொண்ணுன்னு சொன்ன? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. கேட்டாங்க, சொல்லிட்டன்" என்றார்.

சனிக்கிழமை மதியம் பினாங்கு. சுசீலம்மா கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தால், "வாங்க, சேர்ந்து போகலாம்" என்று வாசலிலேயே காத்திருந்தார். நாலு பேரும் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டோம். வெங்காயம் போட்ட புளிக்குழம்பு, பொரித்த அப்பளம், சூடான ரசம். சிங்கப்பூர் வந்ததிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருந்த என் வயிறு அன்றைக்குத்தான் சமாதானமானது. ஒரு கடையில் மாம்பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்த இவர், "கிருஷ்ணகிரிக்காரன் கிட்ட இதக் கொண்டாந்து காட்றான் பாரு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுக் கீழே வைத்தார். கடைக்காரர் தமிழர். நல்லவேளை, சிரித்துவிட்டார்.

திரும்பும்போதுதான் வினை. "வந்த பஸ் இந்தப் பக்கம் நின்னுச்சு. போற பஸ் எதிர்ப் பக்கம்தான நிக்கும்?" என்று இவர் எங்களை ரோட்டைத் தாண்டி அழைத்துப் போனார். ஓசூர் பஸ் ஸ்டாப்புக்கு அது சரி. அந்த ஊரில் பாதித் தெருக்கள் ஒருவழி. பஸ் முக்கால் மணி நேரம் ஓடி, ஆளில்லாத ஒரு கடற்கரையில் எங்களை இறக்கிவிட்டது. கப்பல் கிளம்ப ஒன்றரை மணி நேரம் இருந்தது. பேங்க் சார் அன்றைக்குத்தான் முதல் முதலாக வாயைத் திறந்தார். "கப்பல் காத்திருக்காது" என்றார். அதைச் சொல்லத்தானா இவ்வளவு நாள் சேர்த்து வைத்திருந்தார்?

ஒரு டாக்ஸிக்காரர் நிறுத்தினார். அவரும் தமிழர். வண்டியில் ஏறியதும் சுசீலம்மா தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் என் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நாளைக்கு இவர் மகளுக்கு வளைகாப்பு, பாவம், தேதி குழப்பத்தில் இங்கே மாட்டிக்கொண்டார் என்று எனக்காகப் பரிந்து பேசுகிறார். முந்தின நாள் நான் உளறியதையெல்லாம் அவரே ஒட்டுப்போட்டுச் சரிசெய்துவிட்டார். டாக்ஸிக்காரர் தலையை ஆட்டினார். "அம்மா இல்லாமயா வளைகாப்பு? மக மனசு என்னா பாடுபடும்லா" என்றவர், அதற்குப் பிராயச்சித்தம் போல வண்டியை விரட்டினார். கப்பல் கதவில் கடைசியாகக் கார்டு தேய்த்த நாலு பேர் நாங்கள்தான். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பொய்யை இத்தனை நல்ல மனிதர்கள் சுமந்துகொண்டு ஓடுகிறார்களே என்று.

ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்கக் கடல். ஊத்தங்கரையில் முகூர்த்தம் காலை பத்தரை. கப்பல் கடிகாரத்தில் அது பகல் ஒரு மணி. எழுந்ததிலிருந்து அந்தக் கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. காலைப் பலகாரத்துக்குப் போய் உட்கார்ந்தோம். சுசீலம்மா ஒரு மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். திடீரென்று விளக்கைக் குறைத்தார்கள். பரிமாறுகிற ஏழெட்டுப் பேர் கைதட்டிப் பாடிக்கொண்டே வரிசையாக வந்தார்கள். முன்னால் வந்தவர் கையில் ஒரு கேக். பாட்டியாகப் போகும் மல்லிகாவுக்கு வாழ்த்துகள் என்று அதன் மேல் இங்கிலீஷில் எழுதியிருந்தது. சுற்றியிருந்த மேஜைக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

என்னால் முடியவில்லை. கேக்குக்கு முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அவர்கள் இன்னும் பலமாகப் பாடினார்கள். அவர்கள் போகும்வரை பொறுத்திருந்து, "அவ என் பொண்ணு இல்ல. என் அண்ணன் பொண்ணு. எனக்குப் பிள்ளையே இல்ல" என்று சுசீலம்மாவிடம் சொன்னேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டில் திருப்பி வைத்த வளையல், அண்ணியின் "பாத்துக்க", எடுக்காத எட்டு போன். இவர் என் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சுசீலம்மா கத்தியை எடுத்துக் கேக்கில் பெரிய துண்டாக வெட்டி என் தட்டில் வைத்தார். "சாப்பிடுங்க. கேக் என்ன பாவம் செய்தது?" என்றார். தானும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். "எனக்குக் கோபம்தான். பொய் சொன்னதற்கு இல்லை. அந்தப் பெண்ணின் போனை எடுக்காமல் இருந்தீர்களே, அதற்கு. அம்மா சொன்னதற்கு அவள் என்ன செய்வாள்?" அவ்வளவுதான் சொன்னார். மேற்கொண்டு அறிவுரை, சமாதானம் எதுவும் இல்லை. கோயில் பெயர் எதுவும் சொல்லவில்லை. அதற்காகவே அந்தம்மாவை எனக்குப் பிடித்துவிட்டது.

போன் பண்ண நினைத்தாலும் நடுக்கடலில் சிக்னல் ஏது? அறையில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. மேல் தளத்துக்கு ஏறினேன். நீச்சல் குளத்து ஓரத்தில் ஓர் ஆஸ்திரேலியக் கிழவி, எண்பது வயது இருக்கும், தலையில் பூப்போட்ட தொப்பியோடு காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு நீந்தத் தெரியுமா?" இத்தனை வருஷத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என்னிடம் முதலில் கேட்ட, பிள்ளைக் கணக்கு இல்லாத கேள்வி அது ஒன்றுதான். தெரியும் என்றேன். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் குதித்து வளர்ந்தவள் நான். "அப்புறம் ஏன் நிற்கிறாய்?" என்றார்.

அறைக்கு ஓடிப்போய் லெகின்ஸும், கம்பெனி விளையாட்டு விழாவுக்குக் கொடுத்த டி-ஷர்ட்டும் போட்டுக்கொண்டு வந்து இறங்கினேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கை காலெல்லாம் மறந்திருக்கும் என்று பயந்தால், அவை பாட்டுக்குத் தம் வேலையைச் செய்தன. மல்லாந்து மிதந்தேன். மேலே வானம். கப்பல் லேசாக ஆட, குளத்துத் தண்ணீரும் கூடவே ஆடியது. ஒரு மணி ஆகியிருக்கும். இந்நேரம் பிரியாவை மணையில் உட்கார வைத்திருப்பார்கள், சந்தனம் பூசுவார்கள் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. நன்றாக இருடி என்று வாய்விட்டே சொன்னேன். கிழவி தமிழ் தெரியாமலே கையை அசைத்தார்.

இரண்டரை மணி வாக்கில் இவர் குளத்து ஓரத்துக்கு ஓடி வந்தார். கப்பலின் வைஃபையை வாங்கியிருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். "பாரு, பாரு" என்று போனை நீட்டினார். ஈரக் கையைத் தொப்பிக்காரக் கிழவியின் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினேன்.

குடும்பக் குரூப்பில் வந்த போட்டோ. பிரியா பச்சைப் பட்டில் உட்கார்ந்திருக்கிறாள். கன்னமெல்லாம் சந்தனம். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வளையல். இடது கை வெறுங்கை. ஒரு வளையல்கூட இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாதியில் எடுத்த போட்டோ என்று நினைத்தேன். அடுத்த போட்டோவிலும் வெறுங்கைதான். எல்லோரும் சேர்ந்து நிற்கிற கடைசிப் போட்டோவிலும் அப்படியேதான் இருந்தது.

கீழே அவள் குரல் பதிவு ஒன்று. அதைக் குளத்துக்குள் நின்றுகொண்டே கேட்டேன். "அத்தை, நீ போன எடுக்க மாட்ட, எனக்குத் தெரியும். என்னாத்துக்கு ஓடிப்போனன்னும் தெரியும். எடது கைய நான் யாருக்கும் குடுக்கல. மாமியார் கேட்டாங்க, அம்மா திட்டுச்சு, அழுதுச்சு. எங்க அத்தை கப்பல்ல இருந்து வரணும், அது வந்து போட்டாத்தான் ஆச்சுன்னு சொல்லிட்டன். இப்ப எல்லாரும் மொட்டைக் கைய வேடிக்கை பாக்கறாங்க. எனக்கென்னா வெட்கம்? வந்து போட்டுட்டுப் போ. நான் ஊத்தங்கரையிலதான் இருக்கன்."

மூன்று தடவை கேட்டேன். நாலாவது தடவை இவர் போனைப் பிடுங்கிக்கொண்டார், தண்ணீரில் விழுந்துவிடுமாம். சுசீலம்மாவைத் தேடிப் போய்ப் போட்டோவைக் காட்டினேன். அந்த வெறுங்கையை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "உங்க பெண் பிடிவாதக்காரி" என்றார். அவர் 'உங்க பெண்' என்றதை நான் திருத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பெங்களூரில் இறங்கியதும் ஓசூர் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக்கூட வைக்கவில்லை. சூளகிரி, குந்தாரப்பள்ளி என்று கார் போய்க்கொண்டே இருந்தது. கிருஷ்ணகிரியில் நிறுத்தி வளையல் கடைக்குப் போனேன். சைஸ் என்ன என்றார் கடைக்காரர். "ரெண்டே நாலு" என்று டக்கென்று சொன்னேன். ஆறு வருஷம் அவளுக்கு வளையல் வாங்கிக் கொடுத்தவள் நான்தானே. பச்சையும் சிவப்புமாக ஒரு டஜன் வாங்கிக்கொண்டேன்.

அண்ணன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன். அண்ணன் இவரைக் கூட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தான். அண்ணி "வா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பிரியா கட்டிலிலிருந்து மெல்ல எழுந்து வந்து பாயில் உட்கார்ந்தாள். இடது கையை நீட்டினாள்.

முதல் வளையலை எடுத்தேன். விரல்களைத் தாண்டி, எலும்பு முட்டுகிற இடத்தில் நின்றுவிட்டது. கை அப்படி வீங்கியிருந்தது. அவளைவிட எனக்குப் படபடப்பு. கொஞ்சம் அழுத்தினேன். பட்டென்று உடைந்தது.

அந்தச் சத்தம் இருக்கிறதே. இரண்டு துண்டு பாயில் விழுந்தது, ஒரு துண்டு என் கையிலேயே நின்றது. வளைகாப்பில் உடைந்த வளையல். அதுவும் என் கையில். பதினைந்து வருஷம் நான் எதற்குப் பயந்தேனோ அது இதுதான். பிரியா, "அய்யோ அத்தை, இது என்னோட காலேஜ் சைஸு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. சமையல்கட்டு வாசலில் அண்ணி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வந்து குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள். என் கையிலிருந்ததையும் வாங்கிக்கொண்டாள். உள்ளே போனாள். சரி, முடிந்தது, எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் ஒரு தாம்பாளத்தோடு திரும்பி வந்தாள். அதில் மஞ்சள் துணி விரித்து, பச்சை வளையல்களைக் கோத்து வைத்திருந்தது.

"இவளுக்கு இப்ப ரெண்டே எட்டுதான் போவும். ஞாயித்துக்கிழமையே ஒரு கைக்கானத எடுத்து வச்சிட்டன், நீ வருவன்னு" என்றாள் அண்ணி. என் முகத்தைப் பார்க்காமல் மகளின் விரல்களைக் குவித்துப் பிடித்துக்கொண்டாள். "போன்ல அன்னிக்கு நான் அப்படி சொல்லியிருக்கக் கூடாது மல்லிகா. சொல்லிட்டன். நான் கைய புடிச்சிக்கறன், நீ போடு."

கண்ணும் கையும் நனைந்து போயிருந்தன. கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு முதல் வளையலை எடுத்துப் போட்டேன். முட்டாமல் உள்ளே போய்விட்டது.